குணாளன் நலமுடன் வீடு திரும்பினார்

தரவுத்தள மென்பொருள் சந்தையில் அப்போது இரண்டு நிறுவனங்கள்தான் மிச்சமிருந்தன. ஒன்று கல்தூண், மற்றது நினைவி. மருத்துவமனை, வங்கி, மாநகராட்சி என்று எதன் பதிவுகளானாலும் இந்த இரண்டில் ஒன்றிடம்தான் கிடந்தன. இவற்றில் எது வளரும், எது படுக்கும் என்று ஒப்பிட்டு அறிக்கை எழுதும் வேலை ரெஜினாவுக்கு வந்தது. அவள் பெருங்குடியில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் ஆய்வாளர். அவள் 'வாங்கலாம்' என்று எழுதினால் பங்கு ஏறும். 'விற்றுவிடலாம்' என்றால் இறங்கும். அதனால் அவளைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் அதிகம். அவள் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை.

வரைவைப் படித்து முடித்த மேலாளர் ராமபத்ரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"கல்தூணைக் கொன்னே போட்டுட்டீங்க."

"நான் கொல்லலை சார். அவங்க சர்வரைக் குளிர வைக்கிற தண்ணி கொன்னுடும். சிறுசேரிப் பக்கம் ஏரியையே உறிஞ்சிட்டு இருக்காங்க. அரசாங்கம் அளவு வெச்சுத் தரப்போகுது. எல்லாத்தையும் அப்படியே சேமிச்சு வைக்கிற கம்பெனி அதுக்கப்புறம் எப்படிப் பிழைக்கும்?"

"நினைவி?"

"அவங்க சேமிக்கிறதே இல்லையே. பத்துப் பதிவுல ஒண்ணை வெச்சுக்கிட்டு மீதியைத் தூக்கிப் போட்டுடறாங்க. நாம கேக்கும்போது, அந்த ஆளோட வயசு, ஊரு, உடம்பு, அவரை மாதிரி இருக்கிற மத்தவங்க எல்லாத்தையும் பார்த்து அந்தப் பதிவைத் திரும்ப எழுதித் தர்றாங்க. லட்சத்துல ஒண்ணு ரெண்டுதான் தப்பாகும்னு தணிக்கைக்காரங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க. செலவு பத்துல ஒரு பங்கு."

ராமபத்ரன் ஒரு வரைபடத்தைத் தட்டினார். நினைவிக்கு மாறிய மருத்துவமனைகளில் சின்ன அறுவை சிகிச்சைகளின்போது இறப்பவர்கள் அநேகமாக யாருமே இல்லை என்று அது காட்டியது. கல்தூணை வைத்திருக்கும் மருத்துவமனைகளில் எப்போதும்போல் இறந்துகொண்டிருந்தார்கள்.

"இது ஏன் இப்படி?"

"டாக்டருக்கு நோயாளியோட விவரம் உடனே கிடைக்குது. அதனால இருக்கலாம்."

"இருக்கலாமா? இதை முதல் பக்கத்துல போடுங்க. போன வாரம் டி.வி.யில நீங்க இதைச் சொன்னதுக்கே பங்கு எகிறிடுச்சு."

அப்போது வரவேற்பறையிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் ரெஜினாவைப் பார்க்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருக்கிறாள், காவலாளிகளை அடிக்கவும் கை ஓங்கிவிட்டாள் என்றார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் கோபிகா. தாம்பரத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காக்கிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தாள்.

"டி.வி.யில பேசினது நீதானே?" என்றாள் ரெஜினாவைக் கண்டதும். "செவ்வந்தி ஆஸ்பத்திரியில சின்ன ஆபரேஷன்ல ஒருத்தரும் சாகலைன்னு சொன்னது நீதானே?"

"மரியாதையாப் பேசுங்க. என்ன வேணும்?"

"என் புருஷன் அங்கதான் செத்தாரு. குடலிறக்கத்துக்குப் படுத்தவரு. மயக்க மருந்து ஒத்துக்காம மேஜையிலேயே போயிட்டாரு. நான்தான் வண்டியில ஏத்திட்டுப் போய்ப் பொதைச்சேன். இதைப் பாரு."

அவள் நீட்டிய போனில் செவ்வந்தி மருத்துவமனையின் சான்றிதழ் திறந்திருந்தது. 'குணாளன், வயது 36. அறுவை சிகிச்சை வெற்றி. நலமுடன் வீடு திரும்பினார்.'

"இதே லிங்க்குல மொதல்ல இறப்புச் சான்றிதழ்தான் இருந்துச்சு. அதைக் காட்டித்தான் இடுகாட்டுல இடம் வாங்கினேன். ரெண்டு மாசம் கழிச்சு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல திறந்தா இப்படி இருக்குது. அவங்க போலீசுக்குப் போயிட்டாங்க. ஸ்டேஷன்ல கூப்பிட்டு வெச்சு, புருஷனை எங்க ஒளிச்சு வெச்சிருக்கே, யாரைப் பொதைச்சேன்னு கேக்குறாங்க. ஆஸ்பத்திரியில இருந்து, தையல் பிரிக்க வாங்கன்னு அவருக்கு மெசேஜ் அனுப்புறாங்க!"

"இது ஆஸ்பத்திரித் தப்பு. அங்க போய்க் கேளுங்க. நான் கம்பெனிகளை ஒப்பிட்டு எழுதுறவ. இதுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல."

கோபிகா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருமே சாகலைன்னு சொல்ல மட்டும் சம்பந்தம் இருந்துச்சா?"

காவலாளிகள் அவளை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள்.

ரெஜினா எரிச்சலோடு இருக்கைக்குத் திரும்பினாள். பைத்தியம் என்று ஒதுக்கிவிட முயன்றாள். முடியவில்லை. போன வருடம் இதே மருத்துவமனைகளைப் பற்றி எழுதியபோது இறக்கி வைத்திருந்த புள்ளிவிவரத்தைத் தேடி எடுத்தாள். இப்போதைய புள்ளிவிவரத்தை அதன் அருகில் வைத்தாள். நினைவிக்கு மாறிய பிறகு இறப்பு குறைந்தது என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்கும் குறைந்திருந்தது. போன வருடம் இறந்திருந்தவர்கள் இந்த வருடம் பிழைத்திருந்தார்கள்.

செவ்வந்தியின் நோயாளிப் பட்டியலையும் இறக்கி எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் கிண்டியில் கல்தூண் அலுவலகத்துக்குப் போனாள். அதன் உரிமையாளர் ஹபீபுல்லா அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"என் கம்பெனிக்கு ஃபாத்திஹா ஓதிட்டீங்களாம். மண்ணு தள்ள வந்தீங்களா?"

"மாநகராட்சி இடுகாட்டுப் பதிவெல்லாம் உங்க மென்பொருள்லதானே இருக்கு? அதைப் பார்க்கணும். பொதுமக்கள் பார்க்கக்கூடிய பதிவுதான். ஆனா மனுப் போட்டா மாசக்கணக்குல இழுக்கும்."

"இருக்கு. ஆஸ்பத்திரியெல்லாம் அவன்கிட்ட ஓடிட்டான். செத்தவனுக்கு யாரு புது மென்பொருள் வாங்கித் தருவாங்க? அதான் இடுகாடு எங்ககிட்டயே கெடக்கு. எதுக்குக் கேக்குறீங்க?"

சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டார். ஒரு திரையில் செவ்வந்தி மருத்துவமனையிலிருந்து நலமுடன் வீடு திரும்பியவர்கள். அதன் பக்கத்துத் திரையில் மாநகராட்சி இடுகாடுகளில் புதைக்கப்பட்டவர்கள். இரண்டையும் ஒத்துப் பார்க்கச் சொன்னார்.

பெயர்கள் வரத் தொடங்கின. காது அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய கல்லூரிப் பெண், அதற்கு முந்தைய நாளே புதைக்கப்பட்டிருந்தாள். பிரசவம் முடிந்து குழந்தையோடு வீடு திரும்பிய தாய், குழந்தையோடு புதைக்கப்பட்டிருந்தாள். குணாளனும் இருந்தான். திரை நிரம்பி, நகர்ந்து, மறுபடி நிரம்பியது. ரெஜினா பார்ப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு பட்டியலுக்கும் நகல் எடுத்துக்கொண்டாள்.

ஹபீபுல்லா கையைத் தேய்த்துக்கொண்டார். "மவனே, மாட்டினான்."

"இதுல உங்களுக்குச் சிரிப்பு வருதா?"

"நான் அழுதா கம்பெனி பிழைக்குமா? எழுதுங்கம்மா. நல்லா எழுதுங்க."

எழுதுவதற்கு முன் எதிர்த்தரப்பையும் கேட்பது அவள் வழக்கம். நினைவியின் நிறுவனர் நிரஞ்சன் அவளை உடனே வரச் சொன்னான். பழைய மாமல்லபுரம் சாலையில் பதினெட்டாவது மாடி. அவன் கோபப்படவே இல்லை. அதுதான் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"முப்பத்தாறு வயசு ஆளு. சர்க்கரை இல்ல, ரத்தக் கொதிப்பு இல்ல, குடிப் பழக்கமில்ல. குடலிறக்கத்துக்கு வர்றாரு. அந்த மாதிரி ஆளுங்க எல்லாரும் என்ன ஆவாங்க? வீட்டுக்குப் போவாங்க. அவரும் போனாருன்னு அது எழுதுது. யாரும் உட்கார்ந்து எதையும் அழிக்கலை மேடம். நடக்கக்கூடியதைச் சொல்லுது."

"நடந்ததைக் கேட்டா நடக்கக்கூடியதைச் சொல்றதுக்குப் பேரு பொய்."

"லட்சத்துல ஒண்ணு ரெண்டு தப்பாகும்னு நாங்க முன்னாடியே சொல்லித்தானே விக்கிறோம்?"

"அந்த ஒண்ணு ரெண்டும் எப்பவும் செத்தவங்களாவே இருக்காங்களே. எதிர்பாராம செத்தவங்க மட்டும்தான் உங்ககிட்ட தொலையுறாங்க. ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு இது தெரியுமா?"

நிரஞ்சன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தான். "எத்தனையோ ஆஸ்பத்திரி எங்ககிட்ட வாங்கியிருக்கு. ஒருத்தர்கூட இதைப் பத்திப் புகார் பண்ணலை. ஏன்னு யோசிச்சுப் பாருங்க. செலவு குறையுதுன்னு மட்டுமா வாங்குறாங்க? அந்த வரைபடத்துக்காக வாங்குறாங்க. நீங்களே அதைத்தானே முதல் பக்கத்துல வெச்சிருக்கீங்க?"

"என் வரைவு உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"ராமபத்ரன் அனுப்பினாரு. நல்லா எழுதியிருக்கீங்க."

அவள் அலுவலகத்துக்குத் திரும்பியபோது ராமபத்ரன் அவளுக்காகக் காத்திருந்தார். "ஹபீபுல்லா எவ்வளவு குடுத்தான்?" என்று கேட்டார். அவள் நேராகத் தன் கணினிக்குப் போனாள். அறிக்கையை வெளியிடும் அதிகாரம் சட்டப்படி அவளுடையது. 'நினைவி: விற்றுவிடலாம்' என்று தலைப்பிட்டு, எழுத வேண்டியதை எழுதி வெளியிட்டாள். அன்று மாலையே அவளுடைய அடையாள அட்டை வாசல் கதவைத் திறக்க மறுத்தது. அவளுடைய பொருட்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு லிஃப்ட் அருகே வைத்திருந்தார்கள்.

நினைவியின் பங்கு சரிந்தது. கல்தூணின் பங்கு பல வருடங்களாகக் காணாத உயரத்துக்குப் போனது. பத்திரிகைகள் சில நாள் எழுதின. மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து மறுத்தன. நோயாளிகள் நலமாக வீடு திரும்பியதற்குப் பதிவு இருக்கிறது என்றன.

பிறகு ஒருநாள் ஹபீபுல்லாவே அவளுக்கு போன் செய்தார்.

"வித்துட்டேன்மா."

"எதை?"

"கம்பெனியை. நிரஞ்சனுக்கு. போன மாசம் சும்மா குடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டான். நீங்க எழுதின பிறகு எங்ககிட்ட இருக்கிற இடுகாட்டுப் பதிவு அவனுக்கு வேண்டியதாப் போச்சு. வெளியில விட்டு வைக்க முடியுமா? கேட்ட விலை குடுத்தான். உங்களுக்கு நன்றி சொல்லணும்னு தோணுச்சு."

"அதை நினைவிக்கு மாத்திடுவாங்க. அத்தனை பேரும் போயிடுவாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். என் சர்வருக்குத் தண்ணி இல்லைன்னு எழுதினவங்களும் நீங்கதானே? நான் வேற என்ன பண்ணுவேன்?" போனை வைத்துவிட்டார்.

கைமாறிய பிறகு இடுகாட்டுப் பதிவில் குணாளன் இல்லை. வீடு திரும்பிய ஒருவரை எதற்காகப் புதைப்பார்கள்?

கோபிகா ரெஜினாவின் வீட்டு வாசலுக்கே வந்து நின்றாள்.

"நீ எழுதாம இருந்திருந்தா அந்த ஒரு எடத்துலயாவது அவரு பேரு இருந்திருக்கும். உன்னை யாரு எழுதச் சொன்னா?"

 கல்தூணில் எடுத்த நகல்கள் தன்னிடம் இருப்பதாக மட்டும் ரெஜினா சொன்னாள். அவளைத் தனக்குத் தெரிந்த வழக்கறிஞர் மங்கையர்க்கரசியிடம் கூட்டிக்கொண்டு போனாள். 

இறப்புச் சான்றிதழ் கேட்டுப் போட்ட மனு விசாரணைக்கு வந்தது. ரெஜினாவின் நகல்களை மருத்துவமனை வழக்கறிஞர் ஒரே வாக்கியத்தில் தள்ளினார். புழக்கத்தில் இல்லாத மென்பொருளிலிருந்து, வேலையை விட்டு நீக்கப்பட்டவர் எடுத்தவை என்றார். அறுவை சிகிச்சை செய்த டாக்டர் வெளிநாடு போய்விட்டார். கடைசியில் புதைகுழியைத் தோண்டிப் பார்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

தோண்டும்போது கோபிகா அங்கேயே நின்றாள். பார்க்க வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். "நான் பார்க்கலைன்னா அதையும் மாத்திடுவீங்க" என்றாள்.

குணாளன் செங்கல்பட்டில் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்தவன். ஒப்பிட்டுப் பார்க்கப் பெற்றோரோ உடன்பிறந்தவரோ கிடையாது. அதனால் உடலின் மரபணுவை மருத்துவமனைப் பதிவில் இருந்த குணாளனின் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். பொருந்தவில்லை. பதிவில் இருந்ததும் நினைவி எழுதித் தந்ததுதான் என்று மங்கையர்க்கரசி வாதாடினாள். பிறகு அவளே கேட்டு, கோபிகாவின் மகளுடைய ரத்தத்தை எடுத்து உடலோடு ஒப்பிட வைத்தாள். அது அச்சாகப் பொருந்தியது.

ரெஜினா பெருமூச்சு விட்டாள். முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

மருத்துவமனை வழக்கறிஞர் எழுந்தார். வயதானவர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர்.

"கனம் நீதிபதி அவர்களே, புதைக்கப்பட்டவர்தான் இந்த அம்மாவின் குழந்தைக்குத் தகப்பன் என்பது நிரூபணமாகிவிட்டது. அதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் அவர்தான் இவருடைய கணவர் குணாளன் என்பது இதனால் நிரூபணம் ஆகவில்லையே."

அவர் சொன்னதன் அர்த்தம் அந்த அறையில் இருந்தவர்களுக்கு மெல்லத்தான் உறைத்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மங்கையர்க்கரசி மேஜையில் கையால் அறைந்து ஆட்சேபித்தாள். ரெஜினா எழுந்து அந்த மனிதரைப் பார்த்து ஏதோ கத்தினாள். காவலர் அவளை உட்கார வைத்தார்.

கோபிகா கத்தவில்லை.  தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக அந்த வழக்கறிஞரிடமே பேசினாள்.

"சரிங்கய்யா. நான் கெட்டவள்னே வெச்சுக்குங்க. பொதைச்சது வேற ஆளுன்னே வெச்சுக்குங்க. அப்போ என் புருஷன் உசுரோட இருக்காரு. கடைசியா உங்க ஆஸ்பத்திரிக்குள்ள போனாரு. அவரு நடந்து வெளிய வந்ததை நான் பார்க்கலை. வாசல்லதான் உட்கார்ந்திருந்தேன். எங்க அவரு? கூட்டிட்டு வாங்க."

"நீங்கள் என்னிடம் நேரடியாகப் பேசக்கூடாதம்மா" என்றார் வழக்கறிஞர்.

"கூட்டிட்டு வாங்கய்யா. நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

மங்கையர்க்கரசி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மனுவை அங்கேயே திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தாள். வெளியே வந்ததும் வராந்தாவில் நின்றபடியே ரெஜினாவிடம் சொன்னாள், "செத்துட்டாருன்னு நாம நிரூபிக்க வேணாம். உசுரோட இருக்காருன்னு அவங்க நிரூபிக்கட்டும்."

அந்த வாரமே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டாள். குணாளன் என்பவர் செவ்வந்தி மருத்துவமனைக்குள் சென்றார், வெளியே வரவில்லை, அவரை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்த வேண்டும். மனுவோடு மருத்துவமனையின் சான்றிதழையே இணைத்திருந்தாள். 'நலமுடன்.'

முதல் விசாரணையில் நீதிபதி சான்றிதழை இரண்டு முறை படித்துவிட்டு மருத்துவமனை வழக்கறிஞரைப் பார்த்தார்.

"இது உங்கள் பதிவுதானே?"

"ஆமாம்."

"சரியான பதிவுதானே?"

வழக்கறிஞர் தயங்கினார். தவறு என்று சொன்னால் அந்த ஒரு பதிவோடு அது நிற்காது. "சரியான பதிவுதான்" என்றார்.

"அப்படியானால் அவரை அழைத்து வாருங்கள்."

வாய்தா வாங்கினார்கள். மறுமுறையும் வாங்கினார்கள். குணாளன் மனைவியின் நடத்தை பொறுக்காமல் ஊரைவிட்டுப் போயிருக்கலாம் என்றும் ஒரு முறை சொல்லிப் பார்த்தார்கள். மருத்துவமனை வாசலைத் தாண்டியபோது அவரைக் கண்ணால் பார்த்த ஒரே ஒரு ஆளைக் கொண்டு வரும்படி நீதிபதி கேட்டார். யாரும் வரவில்லை.

இதற்கிடையில் ரெஜினா தன் நகல்களில் இருந்த முகவரிகளுக்கெல்லாம் போனாள். பாதிப் பேர் அவள் முகத்தில் கதவைச் சாத்தினார்கள். "டி.வி.யில பேசினவதானே நீ" என்று பல்லாவரத்தில் ஒருவர் அவள் மேல் தண்ணீரை ஊற்றினார். அவள் சட்டையைப் பிழிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். காது அறுவை சிகிச்சைக்குப் போன பெண்ணின் தகப்பனார் மட்டும் அவளை உள்ளே கூப்பிட்டார். மகளுக்கு இன்றும் கல்லூரியிலிருந்து வருகைப் பதிவு வருவதாகச் சொன்னார். அவர் இரண்டாவது ஆட்கொணர்வு மனுவைப் போட்டார். அதன் பிறகு மனுக்கள் வரிசையாக வந்தன.

அடுத்த விசாரணைக்கு நிரஞ்சனே வரவேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். அறையில் நிற்க இடமில்லை. நினைவியின் பங்கை வைத்திருந்தவர்களும் வந்திருந்தார்கள், அவர்களில் ராமபத்ரனும் இருந்தார். ரெஜினாவை அவர் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்களுக்கு இரண்டு வழிதான் இருக்கிறது" என்றார் நீதிபதி. "அந்த மனிதரை இங்கே நிறுத்துங்கள். இல்லையென்றால் உங்கள் பதிவு தவறு என்று சொல்லுங்கள். இரண்டும் இல்லை என்றால், ஒரு மனிதரை ஒளித்து வைத்த குற்றத்துக்கு உங்களையும் மருத்துவமனை நிர்வாகியையும் இன்று மாலைக்குள் கைது செய்யச் சொல்வேன்."

நிரஞ்சன் தன் வழக்கறிஞரைப் பார்த்தான். அவர் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். பங்குதாரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"பதிவு தவறு."

"உரக்கச் சொல்லுங்கள்."

"பதிவு தவறு. குணாளன் இறந்துவிட்டார். அறுவை சிகிச்சை மேஜையிலேயே இறந்துவிட்டார்."

பின்வரிசையில் பத்துப் பதினைந்து பேர் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். ராமபத்ரன்தான் முதலில் ஓடினார்.

ஆறு மாதமாகக் கோபிகா அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அலைந்திருந்தாள். காவல் நிலையத்தில் அழவில்லை, புதைகுழியின் பக்கத்தில் அழவில்லை, ஊர் பார்க்க அசிங்கப்படுத்தியபோதும் அழவில்லை. இப்போது அதைக் கேட்டதும், யாரோ அப்போதுதான் வந்து சாவுச் செய்தி சொன்னதைப்போல, வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பெருங்குரலெடுத்து அழுதாள். மங்கையர்க்கரசி எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள், அது அவள் காதில் ஏறவில்லை. ரெஜினா குனிந்து அவள் தோளில் கை வைத்தாள். கோபிகா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

ரெஜினா விலகிப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள்.

நீதிபதி காத்திருந்தார். அழுகை சற்று அடங்கியதும் தீர்ப்பை எழுதச் சொன்னார். நிரஞ்சன் கூண்டிலிருந்து இறங்கப் போனான்.

"இருங்கள்" என்றார் நீதிபதி. "நான் உங்களைப் போகச் சொல்லவில்லை."

அவர் தலையசைத்ததும் டவாலி வாசலுக்குப் போய் அடுத்த வழக்கைக் கூப்பிட்டான். காதில் அறுவை சிகிச்சை முடிந்து நலமுடன் வீடு திரும்பிய கல்லூரிப் பெண்ணின் பெயர். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அவள் தகப்பனார் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார்.